சூப்பர்மேன் படத்துக்கு ஏழு வயதுப் பையனை அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மகளுக்குப் பன்னிரண்டு. எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் அவன் நண்பனுக்கு வருகிற சனிக்கிழமை பிறந்தநாள். கேக் வெட்டி முடித்ததும் ஹாலில் புரொஜெக்டர் வைத்து, 2025-இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தைப் போடப் போகிறார்களாம். என் மகனுடைய ஸ்கூல் பை, தண்ணீர் பாட்டில், போர்வை எல்லாமே சூப்பர்மேன்தான். ஆனால் போன வருடம் ஒரு சூப்பர் ஹீரோ படத்துக்குக் கூட்டிப்போய் வந்த பிறகு பத்து நாள் எங்கள் நடுவில்தான் படுத்தான். பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போகவில்லை. “நாம பார்க்காத சண்டைப் படமா? நீதான் ரொம்ப யோசிக்கிறே” என்கிறார் என் கணவர். படத்துக்கு யுஏ 13+ என்று சான்றிதழ். அனுப்பினால் பயந்துவிடுவானோ, சண்டை பழகிவிடுவானோ என்று இருக்கிறது. அனுப்பாவிட்டால் அவன் மட்டும் தனித்துப்போவான். என்ன செய்வது?
– ஓர் அம்மா, திருச்சி

அன்புள்ள சகோதரி,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமை நெருங்கிவிட்டது. பையனைப் பிறந்தநாளுக்கு அனுப்புங்கள். கேக் சாப்பிடட்டும், ஆசை தீர விளையாடட்டும். படம் தொடங்குவதற்கு முன் போய் அழைத்து வந்துவிடுங்கள். மகள் இருந்து பார்க்கட்டும். இனி, ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதே கேள்வி அடுத்த மாதம் வேறொரு படத்தின் பெயரில் உங்கள் வீட்டுக்கு வரும்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், கையில் ஒரு நோட்டோடு. 129 நிமிடப் படம். கட்டடங்கள் சரிகின்றன, ராட்சத மிருகம் ஒன்று ஊரை மிதிக்கிறது, ஆட்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு பறக்கிறார்கள். இதில் எதுவும் எனக்குப் பெரிய கவலை தரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இதையெல்லாம் தீபாவளி வெடி பார்ப்பதுபோலப் பார்த்துவிடுவார்கள். அந்த மிருகத்தோடு நடக்கும் சண்டைக்கு நடுவில் சூப்பர்மேன் ஓர் அணிலைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறார். உங்கள் பையன் பார்த்தால் மறுநாள் அந்த அணிலைப் பற்றித்தான் பேசுவான்.

நான் நோட்டில் குறித்தவை வேறு. கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. படம் பார்க்காத வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெருவில் உணவு விற்கும் ஒரு மனிதர் வருகிறார். அடிபட்டுக் குழியில் விழுந்த சூப்பர்மேனுக்குக் கைகொடுத்து எழுப்பிவிடுகிறார், அவ்வளவுதான் அவர் செய்தது. பின்னால் வில்லன் லெக்ஸ் லூதர், சூப்பர்மேனைச் சக்தி இழக்கச் செய்து ஒரு சிறையில் அடைத்து, இந்த மனிதரையும் அங்கே பிடித்து வருகிறான். ஒரே ஒரு குண்டு போட்ட துப்பாக்கியை அவர் தலையில் வைத்துக் கேள்வி கேட்கிறான். ஒவ்வொரு கேள்விக்கும் விசையை அழுத்துகிறான். முதலில் வெடிக்கவில்லை. அப்புறம் வெடிக்கிறது. சூப்பர்மேன் பக்கத்திலேயே இருக்கிறார், ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெரியவர்களுக்கு இது கதையில் ஒரு திருப்பம். ஏழு வயதுப் பையனுக்கு அப்படி இல்லை. அவனுடைய சூப்பர்மேன் எதற்காக இருக்கிறார்? காப்பாற்றுவதற்கு. உங்கள் குடியிருப்பு வாசலில் தள்ளுவண்டியில் பானிபூரி விற்கும் அண்ணன் ஒருவரை அவன் தினமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட ஒருவர், நல்லது செய்ததற்காகவே, காப்பாற்ற வேண்டியவர் கண் முன்னாலேயே செத்துப்போகிறார். ரத்தம் பெரிதாகக் காட்டவில்லை என்பதெல்லாம் அவனுக்கு ஆறுதல் இல்லை. “அப்போ அப்பா பக்கத்துல இருந்தாலும் எனக்கு ஏதாவது ஆகுமா?” என்பதுதான் இரவில் அவன் மனதில் ஓடும். அதை வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் உங்கள் நடுவில் வந்து படுப்பான்.

அதே சிறையில் ஒரு கைக்குழந்தையைப் பணயமாக வைத்துத் தகப்பனை மிரட்டுகிறார்கள். சூப்பர்மேனின் நாய் கிரிப்டோவைக் கடத்துகிறார்கள். கடைசிச் சண்டையில் ஒரு பெண் நுண்ணிய எந்திரத் துகள்களை சூப்பர்மேனின் மூக்கு வாய் வழியே உள்ளே செலுத்தி மூச்சுத் திணறவைக்கிறாள். குழந்தை, நாய், மூச்சு. இவை மூன்றும் சின்னப் பிள்ளைகளை நேராகப் போய்த் தொடும். சூப்பர் ஹீரோ படத்தை எடைபோடும்போது எத்தனை சண்டை என்று எண்ணாதீர்கள். யாருக்கு அடிபடுகிறது, அந்த ஆள் என் பிள்ளையின் உலகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். என் இருபது வருட அனுபவத்தில் எனக்குக் கைகொடுத்த அளவுகோல் இதுதான்.

வயதைப் பொறுத்து பயம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் அழகான ஆய்வு இருக்கிறது. பச்சை நிற ராட்சதனாக மாறும் ஹல்க் கதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராக வந்தது. அதிலிருந்து ஒரு பகுதியைப் பல வயதுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டி ஜோஆன் கேன்டர், கிளென் ஸ்பார்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளி செல்லாத சின்னஞ்சிறுசுகள் எப்போது அதிகம் பயந்தார்கள் தெரியுமா? நல்லவர் ஹல்க்காக மாறிய பிறகு. ஹல்க் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றத்தான் வருகிறார். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பச்சைத் தோலும் உறுமலும்தான் தெரிந்தன. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நேர் எதிர். ஹல்க் வருவதற்கு முன், நல்லவர் ஆபத்தில் சிக்கியபோதுதான் பயந்தார்கள். ஹல்க் வந்ததும் அவர்களுக்கு உயிர் வந்தது.

உங்கள் பையன் ஏழு வயதில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். உருவத்தைப் பார்த்தும் பயப்படுவான், கதை புரிந்தும் பயப்படுவான். போன வருடம் அவனை எது பிடித்துக்கொண்டது என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். “எது பயமா இருந்துச்சு?” என்று நேரடியாகக் கேட்டால் சொல்ல மாட்டான், வெட்கப்படுவான். “அந்தப் படத்தை உன் ஃபிரெண்டுக்குக் காட்டினா எந்த இடத்துல அவன் கண்ணை மூடிக்கச் சொல்வே?” என்று கேளுங்கள். சொல்லிவிடுவான்.

சான்றிதழுக்கு வருகிறேன். நம் ஊரில் 1983 முதல் இருக்கும் யுஏ, 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ‘ஏ’ சான்றிதழ் என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தியேட்டரில் விடக்கூடாது. யுஏ அப்படி இல்லை. அந்த எண் பெற்றோருக்கான குறிப்பு மட்டுமே. பெற்றோர் அல்லது பாதுகாவலரைத் தவிர வேறு யாரும் அதை வைத்துப் பிள்ளையைத் தடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. அதாவது, பக்கத்தில் ஒரு அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் 13+ என்று எழுதுகிறார்கள். சனிக்கிழமை அந்த ஹாலில் பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். பிறந்தநாள் பையனின் அம்மா சமையலறையில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். உங்கள் பையன் கண்ணை மூடிக்கொண்டால் கவனிக்க ஆள் இல்லை. நண்பர்கள் கவனித்துவிட்டால் அது இன்னும் கஷ்டம். நான் வேண்டாம் என்று சொல்வதற்குப் படத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

சான்றிதழ் கொடுப்பவர்களின் கவலையும் உங்கள் கவலையும் ஒன்றல்ல. இந்தப் படத்தில் இந்தியாவில் முத்தக் காட்சிகளில் 33 நொடி வெட்டப்பட்டது பெரிய செய்தியானது. முத்தத்தைப் பார்த்தால் ஏழு வயதுப் பையன் “ச்சீ” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் அவன் தூக்கம் கெடாது.

இந்தக் குழப்பம் நம் நாட்டில் மட்டும் இல்லை. 2002-இல் ‘ஸ்பைடர்மேன்’ வந்தபோது பிரிட்டனில் அதற்கு 12 வயது என்று கண்டிப்பான எல்லை வைத்தார்கள். கடை முழுக்க ஸ்பைடர்மேன் பொம்மை, எல்லாம் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்காக. படத்துக்கு மட்டும் அவர்களை விடமாட்டார்கள். பெற்றோர் கோபப்பட்டார்கள், சில ஊர் நிர்வாகங்கள் எல்லையை மீறிப் பிள்ளைகளை அனுமதித்தன. அதே ஆண்டு, பெரியவர் துணையோடு வந்தால் 12 வயதுக்குக் குறைந்தவர்களும் பார்க்கலாம் என்று 12ஏ சான்றிதழ் வந்தது. பிறகு 2008-இல் ‘தி டார்க் நைட்’ அதே 12ஏ சான்றிதழில் வெளியானபோது, அந்த வருடம் அதிகப் புகார் வாங்கிய படம் அதுதான்: ஏன் சின்னப் பிள்ளைகளை விட்டீர்கள் என்று. பையையும் பாட்டிலையும் விற்பவர்கள் ஐந்து வயதுக்கு விற்கிறார்கள், படம் எடுப்பவர்கள் பதின்மூன்றுக்கு மேல் எடுக்கிறார்கள். இடையில் மாட்டிக்கொள்வது உங்கள் பையன். “என் பேக்ல இருக்கிற சூப்பர்மேனை நான் ஏன் பார்க்கக்கூடாது?” என்று அவன் கேட்டால் அது நியாயமான கேள்வி. அவனைத் திட்டாதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, எல்லாச் சண்டையும் எல்லாப் பிள்ளையையும் பாதிக்காது. ஆனால் நாம் சின்ன வயதில் பார்த்த சண்டைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அப்போது ஹீரோ அடித்தால் பத்துப் பேர் பந்துபோல விழுவார்கள், அடி விழும் சத்தமே நமக்குச் சிரிப்பு. இப்போதைய படங்களில் வலி உண்மையாகத் தெரிகிறது, ஹீரோ அழுகிறார், தோற்கிறார். பெரியவர்களுக்கு அது நல்ல சினிமா. அப்புறம், என்னைப் பார்க்க வரும் அப்பாக்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியை நீங்களும் கேளுங்கள்: “சின்ன வயசுல உங்களை ரொம்ப நாள் விடாத காட்சி எது?” பதில் சொல்லாத அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை. கிணறு, வெள்ளைப் புடவை, பாம்பு, ஏதோ ஒன்று முப்பது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். அதைச் சொல்லும்போதே அவர்கள் குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் கணவரும் சொல்லட்டும், அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது சுலபமாக இருக்கும்.

சண்டை பழகிவிடுவானோ என்று கேட்டிருந்தீர்கள். 2017-இல் சாரா காய்ன் என்ற ஆய்வாளரின் குழு, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளை ஒரு வருட இடைவெளியில் கவனித்தது. சூப்பர் ஹீரோக்களில் அதிகம் மூழ்கியிருந்த பிள்ளைகளிடம் ஒரு வருடம் கழித்து அடிதடி கொஞ்சம் கூடியிருந்தது. அடி வாங்கும் பிள்ளைக்குத் துணை நிற்கும் குணம் கூடவில்லை. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், பேட்மேன் வேஷம் போட்டு “பேட்மேன் கஷ்டப்பட்டு வேலை செய்கிறாரா?” என்று தங்களையே கேட்டுக்கொண்ட நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகள் சலிப்பான வேலையிலும் அதிக நேரம் நிலைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சின்னப் பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்வது உதையைத்தான். உதவியை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த அணிலைப் பற்றி அவனோடு பேச நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று: 1997-இல் தூர்தர்ஷனில் சக்திமான் தொடங்கிய பிறகு, பிள்ளைகள் அவரைப்போலச் செய்யப் போய் அடிபட்டதாகச் செய்திகள் வந்தன. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் வந்து “இதைச் செய்து பார்க்காதீர்கள்” என்று சொன்னார். உங்கள் வீடு மாடியில் இருந்தால், துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரியும் வயதில் பால்கனி கம்பியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சனிக்கிழமைக்கு என்ன செய்வது? இன்றைக்கே அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்யுங்கள். நீட்டி முழக்க வேண்டாம், அவர்களைக் குறை சொல்வதுபோலவும் வேண்டாம். “போன வருஷம் ஒரு படம் பார்த்துட்டு இவன் பத்து நாள் தூங்கலைங்க. அந்தப் படத்துல ஒருத்தரைத் தலையில சுடுற சீன் இருக்கு. நான் ஏழு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்றால் போதும். பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், எதிர்முனையில் “அப்படியா? நான் இன்னும் பார்க்கலையே” என்பார்கள். அந்த இடத்தில் வேறு படம் சொல்லலாம். ‘டிசி லீக் ஆஃப் சூப்பர் பெட்ஸ்’ என்று 2022-இல் வந்த அனிமேஷன் படம் இருக்கிறது. அதே கிரிப்டோ நாய்தான் ஹீரோ, சூப்பர்மேனும் உண்டு. அதிலும் சூப்பர்மேன் பிடிபடுகிறார், ஆனால் கார்ட்டூன் கலகலப்போடு போகும்.

படம் மாறாவிட்டால், பையனிடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்து இழுத்துவராதீர்கள். “நீ பயப்படுவே” என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அக்கா முன்னாலும் நண்பர்கள் முன்னாலும் அது அவனுக்குப் பெரிய அவமானம். “அந்தப் படத்துல சில இடம் பெரியவங்களுக்கானது. நீயும் அப்பாவும் லீவுல சேர்ந்து பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். சொன்னால் செய்ய வேண்டும். இன்னும் ஒரு வருடம் போகட்டும். பகல் நேரம், விளக்கு எரியட்டும், ரிமோட் அப்பா கையில் இருக்கட்டும். தியேட்டரில் இருட்டையும் சத்தத்தையும் நிறுத்த முடியாது, வீட்டில் முடியும். சிறைக் காட்சியைத் தள்ளிவிடலாம், ஆனால் சும்மா தள்ளாதீர்கள். மறைத்ததை அவன் மனதில் இன்னும் பெரிதாகக் கட்டிக்கொள்வான். “இங்க ஒரு நல்லவர் செத்துப்போறாரு. சூப்பர்மேனால காப்பாத்த முடியலை, அதனால அழறாரு. நாய் பத்திரமா வந்துடும்” என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

இனிமேல் எந்தப் படமாக இருந்தாலும், முடிந்தால் நீங்கள் முன்னாலேயே பாருங்கள். நேரம் இல்லையென்றால் காமன் சென்ஸ் மீடியா இணையதளத்திலும், ஐஎம்டிபியில் பெற்றோருக்கான பகுதியிலும் எந்தெந்த மாதிரிக் காட்சிகள் இருக்கின்றன என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், பத்து நிமிடம் போதும். அவர்கள் போடும் வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் காட்சிகளின் விவரத்தைப் படியுங்கள்.

ஒருவேளை எப்படியோ பார்த்துவிட்டு வந்து பயந்தால், “அது பொய்டா, சும்மா சினிமா” என்பது ஐந்து வயதுக்கு வேலை செய்யாது, ஏழு வயதுக்குப் பாதிதான் வேலை செய்யும். மடியில் வைத்துக்கொள்வது, சூடாகப் பால், ஒரு ராத்திரி விளக்கு, இவை முதலில். மறுநாள் பகலில் பேச்சு. அந்தக் காட்சியை வரையச் சொல்லி, முடிவை அவனையே மாற்றச் சொல்லலாம். தள்ளுவண்டிக்காரரை அவன் காப்பாற்றட்டும். சில நாள் உங்கள் பக்கத்தில் படுத்தால் படுக்கட்டும், தவறில்லை. மூன்று நான்கு வாரம் கடந்தும் தூக்கம் வராமல் இருந்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பினால், பள்ளிக்குப் போக மறுத்தால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.

மகளுக்கு 12 என்பதால் 13+ என்ற எண்ணுக்காகத் தயங்க வேண்டாம், அவள் இந்தப் படத்தைத் தாங்குவாள். ரசிக்கவும் செய்வாள். இதில் சூப்பர்மேனைப் பெற்றவர்கள் விட்டுச்சென்ற செய்தியின் பிற்பாதி வெளிவருகிறது: மனிதர்களை ஆளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உடைந்துபோய்ப் பண்ணைவீட்டுக்கு வரும் அவரை வளர்த்த அப்பா தேற்றுகிறார். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அது. பன்னிரண்டு வயதில் ‘நான் யார், யார் சொன்னபடி வாழணும்’ என்ற கேள்விகள் ஆரம்பிக்கின்றன, அதைப் பற்றி அவளோடு பேசிப் பாருங்கள். (வளர்ப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் மட்டும் இந்தக் காட்சியைப் பெற்றோர் முதலில் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. பெற்றவர்களைப் பற்றிய நினைப்பு நொறுங்குவதை அந்தப் பிள்ளை நாம் நினைப்பதைவிட ஆழமாக எடுத்துக்கொள்ளும்.)

அந்த இரண்டு மணி நேரம் பையன் வீட்டில் சும்மா உட்கார்ந்து ஏங்கக் கூடாது. அவனுக்கும் அப்பாவுக்கும் ஏதாவது திட்டம் போட்டுவையுங்கள். சூப்பர் பெட்ஸ் படத்தையே அந்த நேரத்தில் போட்டுவிடலாம், கூடவே பாப்கார்ன். அதை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தால் உடனே எழுதுங்கள், சனிக்கிழமைக்குள் வேறு படம் சொல்கிறேன்.